அழுத்த அலகுகள்: பார், கிலோ, பிஎஸ்ஐ, பாஸ்கல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். அதனால் அழுத்த அலகுகள் பற்றிய கேள்விகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும்: பிளஸ் ஒன் மாணவர், பம்ப் செட் கடைக்காரர், ஏசி மெக்கானிக், வீட்டிலேயே பிபி பார்த்துக்கொள்பவர். பெருக்குவதிலும் வகுப்பதிலும் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. பூஜ்யம் எங்கே தொடங்குகிறது, 'கிலோ' என்று சொன்னால் அது எந்தக் கிலோ என்ற இரண்டு இடங்களில்தான் தடுக்கிவிடும். கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேயே போய் நிற்கும்.

ஒரே அழுத்தத்துக்கு எதற்கு இத்தனை அலகுகள்?

கையில் எது இருந்ததோ அதை வைத்து அளந்தார்கள். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் உறிஞ்சு பம்புகள் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்க மறுத்தன. கலிலியோவுக்கே அது தெரியும். அவருக்குப் பின் வந்த டாரிசெல்லி, 1640களில், தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை எடுத்துக்கொண்டார். அது தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால், பத்து மீட்டர் தூண் 76 சென்டிமீட்டராகச் சுருங்கி ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அடங்கியது. 'மில்லிமீட்டர் பாதரசம்' அங்கே பிறந்தது.

1648 செப்டம்பர் 19 அன்று பிளேஸ் பாஸ்கலின் அக்கா கணவர் ஃபுளோரின் பெரியே, அந்தக் குழாயோடு பிரான்சின் புய் த டோம் மலையில் ஏறினார். அடிவாரத்தில் 26 அங்குலத்துக்கு மேல் நின்ற பாதரசம், உச்சியில் 23 அங்குலத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. அன்றைய பிரெஞ்சு அங்குலம் இன்றைய கணக்கில் 27 மில்லிமீட்டர். ஆக, இறக்கம் ஏறக்குறைய 85 மில்லிமீட்டர். இன்றைய வானிலை அலகில் 113 ஹெக்டோபாஸ்கல். சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு இன்றைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும்.

பிறகு நீராவி எஞ்சின்காரர்கள் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று கணக்குப் போட்டார்கள், அதுதான் பிஎஸ்ஐ. மெட்ரிக் நாடுகளின் பொறியாளர்கள் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்றார்கள். வானிலைக்காரர்கள் பார், மில்லிபார் என்று போனார்கள். எல்லோருக்கும் பொதுவான அலகுக்குப் 'பாஸ்கல்' என்று பெயர் வைத்தது 1971இல்தான். அதற்குள் மற்ற அலகுகள் எல்லாம் அவரவர் தொழிலில் வேரூன்றிவிட்டன.

ஒரு பாஸ்கல் என்றால் எவ்வளவு?

ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒரு நியூட்டன் விசை. மிகச் சிறிய அளவு. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்றை மேசைமேல் விரித்து வைத்தால், அது மேசையை அழுத்துவது 0.8 பாஸ்கல். அதனால்தான் அன்றாடத்தில் கிலோபாஸ்கல் (ஆயிரம்), ஹெக்டோபாஸ்கல் (நூறு), மெகாபாஸ்கல் (பத்து லட்சம்) என்று புழங்குகிறோம்.

ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொள்ள என்னென்ன எண்கள் வேண்டும்?

இவை போதும்:

1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.504 பிஎஸ்ஐ = 1.0197 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) = 750.06 மிமீ பாதரசம்
1 அட்மாஸ்பியர் = 101.325 கிலோபாஸ்கல் = 1.01325 பார் = 14.696 பிஎஸ்ஐ = 760 மிமீ பாதரசம்
1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) = 98.0665 கிலோபாஸ்கல் = 14.223 பிஎஸ்ஐ = 735.56 மிமீ பாதரசம் = 10 மீட்டர் தண்ணீர்
1 பிஎஸ்ஐ = 6.8948 கிலோபாஸ்கல் = 51.715 மிமீ பாதரசம்
1 மிமீ பாதரசம் = 133.322 பாஸ்கல்
1 அங்குலம் பாதரசம் = 33.864 ஹெக்டோபாஸ்கல்
1 மிமீ தண்ணீர் = 9.80665 பாஸ்கல்

இதில் துல்லியமாக நிர்ணயிக்கப்பட்டவையும் உண்டு, தோராயமாக வெட்டப்பட்டவையும் உண்டு. பார் சரியாக 1,00,000 பாஸ்கல். அட்மாஸ்பியர், அதாவது கடல் மட்டத்தின் சராசரிக் காற்றழுத்தம், சரியாக 1,01,325 பாஸ்கல். அதை 1954இல் அப்படி முடிவு செய்தார்கள். 98.0665 என்பதும் சரியான எண்தான், 9.80665 என்ற நிர்ணயிக்கப்பட்ட புவியீர்ப்பு எண்ணிலிருந்து வருவது. பிஎஸ்ஐயின் எண் மட்டும் தசமத்தில் நீண்டுகொண்டே போகும்.

பெருக்குவதா, வகுப்பதா என்று எப்போதும் குழப்பம். வழி உண்டா?

எந்த அலகாக இருந்தாலும் முதலில் பாஸ்கலுக்குக் கொண்டுவாருங்கள், அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போங்கள். இரண்டு படி ஆகும், ஆனால் தவறு வராது. 2.5 கிலோவைப் பிஎஸ்ஐ ஆக்கவேண்டுமா? 2.5 × 98.0665 = 245.17 கிலோபாஸ்கல். அதை 6.8948ஆல் வகுத்தால் 35.56 பிஎஸ்ஐ.

விடை வந்ததும் ஒரு பார்வை பாருங்கள்: அலகு சின்னதானால் எண் பெரிதாக வேண்டும். பிஎஸ்ஐ, கிலோவைவிடச் சின்ன அலகு, 2.5 என்பது 35 ஆனது சரி. 0.18 என்று வந்திருந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

கேஜ் அழுத்தம், ஆப்சல்யூட் அழுத்தம் என்கிறார்களே, அதை ஏன் பார்க்கவேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பஞ்சரான டயரில் கேஜை வைத்தால் பூஜ்யம் காட்டும். உள்ளே காற்றே இல்லையா? இருக்கிறது, வெளியே இருக்கும் அதே அழுத்தத்தில், சுமார் 14.7 பிஎஸ்ஐ. கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். அது கேஜ் அழுத்தம். முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால் ஆப்சல்யூட் அழுத்தம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த இடத்தின் வளிமண்டல அழுத்தம்.

அலகை மட்டும் மாற்றுவதானால் இந்த வேறுபாடு குறுக்கே வராது. 32 பிஎஸ்ஐ கேஜ் என்பது 221 கிலோபாஸ்கல் கேஜ், அவ்வளவுதான். வாயு விதிகளில் அந்த எண்ணைப் போடும்போதுதான் சிக்கல். 27 டிகிரி செல்சியஸில் 32 பிஎஸ்ஐ காட்டும் டயர், நெடுஞ்சாலையில் ஓடி 57 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை கெல்வினில் 300லிருந்து 330, அதாவது 1.1 மடங்கு. 32ஐ 1.1ஆல் பெருக்கி 35.2 என்று எழுதினால் தவறு. முதலில் 14.7ஐக் கூட்டவேண்டும்: 46.7. அதை 1.1ஆல் பெருக்கினால் 51.4. மறுபடி 14.7ஐக் கழித்தால் 36.7 பிஎஸ்ஐ. கேஜ் உண்மையில் காட்டப்போவது இதைத்தான். காலையில் வண்டி எடுக்கும் முன்பே காற்று பார்க்கச் சொல்வதும் இதனால்தான். சூடான டயரில் இந்தக் கூடுதலும் சேர்ந்துவிடும்.

கம்ப்ரசர் டேங்கில் கேஜ் 1 பாரிலிருந்து 2 பாருக்கு ஏறினால் 'அழுத்தம் இரட்டிப்பு' என்று சொல்லாதீர்கள். உண்மையில் 2லிருந்து 3க்கு ஏறியிருக்கிறது, ஒன்றரை மடங்கு.

டேட்டாஷீட்டில் பிஎஸ்ஐ அல்லது பார் என்பதன் பின்னால் 'ஜி' என்று எழுத்து ஒட்டியிருந்தால் கேஜ், 'ஏ' என்றிருந்தால் ஆப்சல்யூட். எழுத்தே இல்லை என்றால் விற்றவரைக் கேளுங்கள். ஊகித்துச் சென்சார் வாங்கிவிட்டு, பிறகு 1 பார் எங்கே போனது என்று தேடுகிறவர்களை மாதாமாதம் பார்க்கிறேன்.

மெக்கானிக் 'ரெண்டு கிலோ பிரஷர்' என்கிறார். அது 2 பாரா?

ஏறக்குறைய. அவர் சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் இரண்டு கிலோ எடை உட்கார்ந்தால் வரும் அழுத்தம். 2 கிலோ = 1.96 பார். வித்தியாசம் 2 சதவீதம். டயரிலும் தண்ணீர்க் குழாயிலும் இதைப் பொருட்படுத்தவேண்டாம், சாதாரண கேஜின் பிழையே அதற்குப் பக்கத்தில் இருக்கும்.

அழுத்தம் உயர உயர அந்த 2 சதவீதம் பெரிதாகும். ஆக்சிஜன் சிலிண்டரில் 150 கிலோ என்றால் 147 பார்; 150 பார் என்றால் 153 கிலோ. சேஃப்டி வால்வு எந்த எண்ணில் திறக்கவேண்டும் என்று சீட்டு எழுதும் இடத்தில் இதைக் கலந்துவிட்டால் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார், அனுப்பவும் வேண்டும்.

கிலோ என்பது நிறை, விசை அல்ல, அதனால் அந்த அலகே தவறு என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மைதான். ஆனால் பட்டறையில் நின்றுகொண்டு அதைத் திருத்துவது வீண்வேலை. காதில் 'கிலோ' என்று விழுந்தால் மனதில் 98 கிலோபாஸ்கல் என்று எழுதிக்கொள்ளுங்கள். 'கிலோபாஸ்கல்' என்பதையே சுருக்கி யாராவது 'கிலோ' என்று சொல்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். அங்கே நூறு மடங்கு வித்தியாசம்.

பெட்ரோல் பங்கில் மனக்கணக்காகப் போட எளிய வழி?

பிஎஸ்ஐயை 7ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல். ஒன்றரை சதவீதம் கூடுதலாக வரும், பரவாயில்லை. பாரை 14.5ஆல் பெருக்கினால் பிஎஸ்ஐ. கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் 220 கிலோபாஸ்கல் என்றிருந்தால் 32 அடிக்கச் சொல்லுங்கள். 2.3 பார் என்றிருந்தால் 33, 2.5 பார் என்றிருந்தால் 36.

கேஸ் ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தமும் குக்கருக்குள் இருக்கும் அழுத்தமும் ஒன்றுதானா?

பக்கத்தில்கூட வராது. வீட்டு ரெகுலேட்டர் அடுப்புக்கு விடுவது சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். 300 மிமீ தண்ணீர், 2.94 கிலோபாஸ்கல், 29.4 மில்லிபார் எல்லாம் அதே அழுத்தத்தின் வேறு முகங்கள். பிஎஸ்ஐயில் அரைகூட இல்லை. சிலிண்டருக்குள் பல பார் இருப்பதை இவ்வளவுக்கு இறக்கித் தருவதுதான் அந்த ரெகுலேட்டரின் வேலை. டியூப் ஊதிய பலூன்போல் விறைப்பாக இல்லையே என்று சந்தேகப்படுபவர்களுக்கு இதுதான் பதில்.

குக்கரில் விசில் குண்டு தூக்குவது சுமார் 1 கிலோ கேஜில், ரெகுலேட்டர் தருவதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். கடலோர ஊரில் வளிமண்டலத்தையும் சேர்த்தால் ஆப்சல்யூட்டாக 199 கிலோபாஸ்கல். அதில் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். அதே குக்கரை ஊட்டிக்குக் கொண்டுபோங்கள். அங்கே வெளிக்காற்று ஏறக்குறைய 780 ஹெக்டோபாஸ்கல்தான். குண்டின் எடை மாறாது, அது கூட்டும் அழுத்தமும் மாறாது. ஆனால் மொத்தம் 176 கிலோபாஸ்கலாக இறங்கி, கொதிநிலை 116 டிகிரிக்கு வந்துவிடும். பருப்புக்கு ஒன்றிரண்டு விசில் கூடுதலாக வேண்டியிருப்பது அந்த நான்கு டிகிரியால். திறந்த பாத்திரம் என்றால் அங்கே 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் மலையில் பருப்பு வேகவைப்பது பொறுமைக்காரர் வேலை.

பிபி 120/80 என்பதை ஏன் இன்னும் பாதரசத்தில் சொல்கிறார்கள்?

மருத்துவ உலகம் முழுக்க அந்த எண்களில் பழகியிருப்பதால். மாற்றினால் 16.0/10.7 கிலோபாஸ்கல். 140க்கு மேல் போனால் கவலை என்று மனதில் பதிந்த ஒருவரிடம் திடீரென 18.7 என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாதரசக் கருவிகள் மெல்ல விடைபெறுகின்றன. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. கருவிக்குள் பாதரசம் போனாலும் திரையில் அலகு நிற்கிறது. பிரான்சிலும் பிரேசிலிலும் பலர் சென்டிமீட்டரில் சொல்வார்கள்: '12க்கு 8'. வெளிநாட்டு ரிப்போர்ட்டில் அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இதுவும் கேஜ் அழுத்தம்தான். 120 என்பது வெளிக்காற்றைவிட 120 கூடுதல், ஆப்சல்யூட்டில் 880.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு அலகு மாற்றத்திலிருந்தே ஒரு பயனுள்ள கணக்கு. கையைத் தொங்கவிட்டு, பட்டை இதயத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி அளந்தால், அவ்வளவு உயர ரத்தத் தூணின் எடையும் சேர்ந்துகொள்ளும். ரத்தத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.06 மடங்கு; 100 மிமீ ரத்தம் = 106 மிமீ தண்ணீர்; 13.6ஆல் வகுத்தால் 7.8 மிமீ பாதரசம். 132 இருக்கவேண்டியவருக்கு 140 என்று காட்டும். கையை மேசைமேல் வைத்து அளக்கச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரு வகுத்தல்தான்.

தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு வைக்கும் கருவியில் இருப்பது சென்டிமீட்டர் தண்ணீர். 10 சென்டிமீட்டர் தண்ணீர் = 7.4 மிமீ பாதரசம். அதையும் பிபியையும் ஒப்பிடாதீர்கள்.

டாரும் மிமீ பாதரசமும் ஒன்றுதானா?

எல்லா நடைமுறைக்கும் ஒன்றுதான். டார் என்பது அட்மாஸ்பியரை 760ஆல் வகுத்தது. மற்றது பாதரசத்தின் நிர்ணயிக்கப்பட்ட அடர்த்தியிலிருந்து வருவது. எழுபது லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு. அதை மறந்துவிடலாம்.

வானிலை அறிக்கையில் மில்லிபார், ஹெக்டோபாஸ்கல் இரண்டும் வருகிறதே?

இரண்டும் ஒரே அளவு. 1 மில்லிபார் = 1 ஹெக்டோபாஸ்கல். எண்ணைத் தொடவே வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். கடல் மட்டத்தின் சராசரி 1013.25.

புயலின் மையத்தில் இது எவ்வளவு இறங்கும்? 1999 ஒடிசா சூப்பர் புயலில் 912 வரை இறங்கியது. உலக அளவில் மிகக் குறைவு 1979 அக்டோபரில் பசிபிக்கின் டிப் சூறாவளியில் 870. எதிர் எல்லையில், 1968இன் கடைசி நாளில் சைபீரியாவின் அகாட்டாவில் 1083.8. ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பது மீன்வளத் துறையிலும் துறைமுகத்திலும் பயன்படும் தோராயக் கணக்கு. காரணம் எளிது: ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் 98 பாஸ்கல். ஒடிசா புயலில் அழுத்தக் குறைவால் மட்டும் கடல் ஒரு மீட்டர் எழும்பியிருக்கும். மீதி அலையேற்றம் முழுவதும் காற்று தள்ளியது.

இப்போது ஒரு வேடிக்கை. பெங்களூரில் உட்கார்ந்து ஃபோனில் உள்ள பாரோமீட்டரைத் திறந்தால் சாதாரண நாளில் 910ஐ ஒட்டிக் காட்டும். சூப்பர் புயலின் மையத்தில் இருந்த அதே எண்! ஊர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே அதுதான் இயல்பு. செய்தியில் வரும் எண்கள் எல்லாம் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டவை. உங்கள் ஃபோன் காட்டுவது உங்கள் மொட்டைமாடியின் அழுத்தம். கடலோரப் பகுதியில் ஏறத்தாழ 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மூன்றாவது மாடி ஏறினாலே ஃபோனில் தெரியும்.

விமானங்களில் எந்த அலகு?

அமெரிக்காவில் அங்குலப் பாதரசம், இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் ஹெக்டோபாஸ்கல். 29.92 அங்குலம் = 1013.25 ஹெக்டோபாஸ்கல்.

அலகு மாற்றம் உயிர்ப் பிரச்சினையாவது இங்கேதான். விமானத்தின் ஆல்டிமீட்டர் (உயரமானி) காற்றழுத்தத்தை வைத்தே உயரம் காட்டும்; தரையிலிருந்து சொல்லும் அழுத்தத்தை விமானி அதில் திருகி வைக்கவேண்டும். தரைக் கட்டுப்பாட்டிலிருந்து 'நைன் நைன் டூ' என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது 992 ஹெக்டோபாஸ்கல். அமெரிக்க வழக்கத்தில் முதல் எண்ணை விட்டுவிட்டுச் சுருக்கிச் சொல்வது உண்டு. அந்தப் பழக்கத்தில் இருக்கும் விமானி 29.92 என்று திருகிவிட வாய்ப்பு இருக்கிறது. 992 ஹெக்டோபாஸ்கல் உண்மையில் 29.29 அங்குலம். வித்தியாசம் 21 ஹெக்டோபாஸ்கல், ஒன்றுக்கு 27, 28 அடி வீதம் 600 அடியை ஒட்டி வரும். ஆல்டிமீட்டர் 600 அடி கூடுதலாகக் காட்ட, விமானம் அவ்வளவு தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். தரையிறங்கும்போது மேகத்துக்குள் 600 அடி என்பது சின்ன விஷயம் இல்லை. எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி விமானிகளுக்குப் பயிற்சி தருவது இதற்காக.

பம்ப் செட்டில் 'ஹெட்' என்று மீட்டரில் போட்டிருக்கிறதே, அதுவும் அழுத்தமா?

ஆமாம், தண்ணீர்த் தூணின் உயரத்தில் எழுதிய அழுத்தம். 10 மீட்டர் = 1 கிலோ. அடியில் என்றால் 2.31 அடி = 1 பிஎஸ்ஐ. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டால் போர்வெல் கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. தண்ணீர் 300 அடியில் நிற்கிறது என்றால், மேலே கொண்டுவர மட்டும் 91 மீட்டர் ஹெட், 9.1 கிலோ, 130 பிஎஸ்ஐ. மாடித் தொட்டியின் உயரமும் குழாயின் உராய்வும் தனி.

தொட்டி பெரிதானால் குழாயில் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கூடாது. ஐந்நூறு லிட்டரோ ஐயாயிரம் லிட்டரோ, உயரம் மட்டும்தான் கணக்கு. குழாய்க்கு மேல் 3 மீட்டரில் நீர்மட்டம் இருந்தால் 0.3 கிலோ. வாட்டர் ஹீட்டர் கையேட்டில் 'குறைந்தபட்சம் 0.5 பார்' என்று எழுதியிருந்தால் 5.1 மீட்டர் உயரம் வேண்டும். மாடி வீட்டில் தொட்டி தலைக்கு நேர் மேலே இருந்தால் பூஸ்டர் பம்ப் இல்லாமல் ஓடாது. கருவியைக் குறை சொல்லும் முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

தரைமேல் வைக்கும் சாதாரண மோட்டார் 40 அடிக் கிணற்றிலிருந்து ஏன் இழுப்பதில்லை என்பதும் இதே கணக்குதான். மோட்டார் இழுப்பதில்லை, வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. ஒரு அட்மாஸ்பியர் 10.33 மீட்டர் தண்ணீருக்குச் சமம், அதற்கு மேல் அதனால் முடியாது. நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே மூச்சு வாங்கும். டாரிசெல்லி காலத்துப் பம்புக்காரர்கள் முட்டிக்கொண்ட அதே சுவர்.

கட்டடப் பணியில் எம்20, எஃப்இ 500 என்கிறார்களே?

எம்20 கான்கிரீட்டின் தரம், எஃப்இ 500 கம்பியின் தரம். அந்த 20உம் 500உம் மெகாபாஸ்கல். 1 மெகாபாஸ்கல் = ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன்; சைட்டில் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். 150 மிமீ கான்கிரீட் கட்டியின் முகப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். எம்20 தரத்துக்கு அது 28 நாளில் 450 கிலோநியூட்டன் தாங்கவேண்டும். பழைய ஆவணங்களில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்றிருந்தால் 10.2ஆல் வகுங்கள்: 19.6 மெகாபாஸ்கல்.

எஸ்டிபி என்றால் 1 அட்மாஸ்பியரா, 1 பாரா? 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா?

எஸ்டிபி என்பது வாயுக் கணக்குகளுக்கான நிலையான வெப்பநிலையும் அழுத்தமும். நீட் எழுதும் பிள்ளைகளின் நிரந்தரத் தலைவலி. 1982க்கு முன் 1 அட்மாஸ்பியர்; அப்போது 273.15 கெல்வினில் ஒரு மோல் வாயு 22.414 லிட்டர். அதன்பின் வேதியியலின் சர்வதேச அமைப்பு 1 பாருக்கு மாறியது, அதில் 22.711 லிட்டர். கேள்வியில் அழுத்தம் எழுதியிருந்தால் அதை எடுங்கள். எழுதாமல் 22.4 என்று கொடுத்திருந்தால் பழைய வழக்கம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வாயு மாறிலியும் அப்படித்தான்: லிட்டர், அட்மாஸ்பியர் என்றால் 0.08206, லிட்டர், பார் என்றால் 0.08314, லிட்டர், கிலோபாஸ்கல் என்றால் 8.314. கடைசியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கிலோபாஸ்கலை லிட்டரால் பெருக்கினால் நேராக ஜூல் வந்துவிடும், ஒரு மாறிலியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஏசி மெக்கானிக் 'மைனஸ் முப்பது' என்கிறார், இன்னொருவர் '500 மைக்ரான்' என்கிறார். எது சரி?

இரண்டும் ஏசிக் குழாய்க்குள் பம்ப் வைத்து உண்டாக்கும் வெற்றிடத்தைத்தான் சொல்கின்றன, நுணுக்கம்தான் வேறு. மைனஸ் 30 என்பது கேஜில் அங்குலப் பாதரசம். கடல் மட்டத்தில் முழு வெற்றிடமே மைனஸ் 29.92தான். முள் அங்கே ஒட்டிக்கொண்ட பிறகு, குழாய்க்குள் இன்னும் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 500 மைக்ரான் என்பது 0.5 டார், 67 பாஸ்கல், ஆப்சல்யூட். அதைக் காட்டத் தனி மீட்டர் வேண்டும். வைத்திருக்கிற மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். ஊட்டியில் வேலை என்றால் முழு வெற்றிடத்திலும் முள் மைனஸ் 23ஐத் தாண்டாது. அதைப் பார்த்துவிட்டுப் பம்ப் பழுது என்று முடிவுகட்டவேண்டாம்.

அலகை எழுதுவதில் கவனிக்க வேண்டியது?

ஆங்கிலக் குறியீட்டில் எம் பெரிய எழுத்தானால் மெகா, சின்ன எழுத்தானால் மில்லி. நடுவில் நூறு கோடி மடங்கு. தட்டச்சில் இது தவறாத அலுவலகம் எனக்குத் தெரியாது.

விடையை எத்தனை தசமம் வரை எழுதலாம்?

கையில் இருந்த கருவி எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவுதான். 32 பிஎஸ்ஐ என்று முள்ளில் பார்த்துவிட்டு 220.632 கிலோபாஸ்கல் என்று எழுதினால் கருவி சொல்லாததை எல்லாம் நீங்கள் சொல்கிறீர்கள். 221 போதும். ஆனால் கணக்கின் நடுவில் வெட்டாதீர்கள், கடைசியில் ஒருமுறை சுருக்குங்கள்.

ஆப் அல்லது இணையக் கால்குலேட்டரை நம்பலாமா?

நம்பலாம், ஒருமுறை சோதித்த பிறகு. 1 அட்மாஸ்பியர் கொடுத்து 14.696 பிஎஸ்ஐயும் 1.0332 கிலோவும் வருகிறதா பாருங்கள். சில ஆப்களில் அட்மாஸ்பியர் இரண்டு வகை இருக்கும். 'டெக்னிக்கல்' என்று போட்டது நம் கிலோதான், 1.01325 பார் அல்ல. அங்குலத் தண்ணீரிலும் வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு மூன்று வகை உண்டு: 4 டிகிரித் தண்ணீருக்கு 249.1 பாஸ்கல், 60 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீருக்கு 248.8. ஏசி டக்ட் வேலைக்கு எதுவும் சரி. அளவுச் சான்றிதழில் எது என்று எழுதியே ஆகவேண்டும். கேஜா ஆப்சல்யூட்டா என்று எந்த ஆப்பும் கேட்காது, அது உங்கள் பொறுப்பு.

டெசிபலைப் பாஸ்கலாக மாற்ற முடியுமா?

ஒலியின் டெசிபல் என்றால் முடியும். காற்றில் பூஜ்யம் டெசிபல் என்பது 20 மைக்ரோபாஸ்கல். ஒவ்வொரு 20 டெசிபலுக்கும் அழுத்தம் பத்து மடங்கு. 94 டெசிபலில் 1 பாஸ்கல், அதாவது அந்த ஏ4 தாளைவிடக் கொஞ்சம் கனம். ஒலிமானியைச் சரிபார்க்கும் கருவிகள் 94 என்ற எண்ணில் ஒலிப்பது அதனால்தான். தண்ணீருக்குள் அளப்பவர்கள் 1 மைக்ரோபாஸ்கலைப் பூஜ்யமாக வைக்கிறார்கள். அதனால் அதே அழுத்தம் அங்கே 26 டெசிபல் கூடுதலாகத் தெரியும். திமிங்கிலத்தின் குரலையும் ஜெட் எஞ்சினையும் நேராக ஒப்பிட்டு வரும் செய்திகளைப் படிக்கும்போது முதலில் அந்த 26ஐக் கழித்துவிடுங்கள்.